லண்டனில் வசிக்காத அட்டர்னி

பதினொரு வருடம் லண்டனில் இருந்துகொண்டே, அங்கே ஒரு நாளும் வசிக்கவில்லை என்று நிரூபிக்கப் பாடுபட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் அதை நிரூபித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். ஆகையால் பாதியைக் கேள்விப்பட்டு மீதியைக் கட்டிவிடுகிறேன் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.

அவர் பிலிப்பீன்ஸ்காரர். பெரிய ஹோட்டல் ஒன்றின் நிலவறையில், அழுக்குப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துச் சலவைக்கு அனுப்பும் பகுதியில் வேலை. எண்பதுகளின் நடுவில் நான் அகதியாக வந்து அங்கே சேர்ந்தபோது, அவர் ஏற்கெனவே ஏழு வருடம் பழசு. ஊரில் வழக்கறிஞர். அவர்கள் நாட்டில் வழக்கறிஞரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவாம், ‘அட்டர்னி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். அறை துப்புரவாக்கும் பெண்கள், சமையல்காரர், வாசல் காவலாளி எல்லோருக்கும் அவர் அட்டர்னி. பெயரை நானும் சொல்லப்போவதில்லை. மனிதர் இப்போதும் எங்காவது வேட்பாளராக நிற்கக்கூடும், என் வாயால் கெட வேண்டாம்.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இரண்டு பேருடைய ஆங்கிலமும் எழுதி வைக்கிற தரத்தில் இருக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் எப்படிக் கதைத்திருப்பாரோ அப்படியே எழுதிவிடுகிறேன். ‘தம்பி’ என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்தே வந்தது. யாரைச் சந்தித்தாலும் அந்த ஆளின் பாஷையில் ஒரு சொல்லாவது பிடித்து வைத்துக்கொள்வார்.

முதல் நாள் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். குலுக்கியபடியே கேட்டார்:

“தம்பி, எங்கட ஊரில உனக்குச் சொந்தக்காரர் எத்தினை பேர்?”

“உங்கட ஊரிலயோ? ஒருத்தரும் இல்லை.”

“ஒண்டு விட்ட, ரெண்டு விட்ட?”

“நான் இலங்கை, அட்டர்னி.”

“பரவாயில்லை. நீ வரிசையில கடைசி.”

எந்த வரிசை என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதத்தில் அவர்களுடைய பூசை முடிந்ததும், தேவாலய மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை போட்டு உட்காருவார். பெண்கள் கடிதங்களோடு வருவார்கள். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்திருக்கிற எசமானி, சம்பளத்தை மறந்த எசமான், குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஒபிஸிலிருந்து வந்த மண்ணிறக் கவர். எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். ஆனால் வரிசை, வந்த நேரப்படி நகராது. அவருடைய ஊரில் யாருக்கு எத்தனை வாக்காளர் சொந்தமோ அந்தக் கணக்கில் நகரும். அண்ணன் தம்பி ஒன்பது பேர் உள்ளவள் முதலில் போவாள். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள் பாவம், தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்பாள். அவளுக்கும் பின்னால் நான்.

எழுதிக் கொடுத்துவிட்டு எல்லோரிடமும் ஒரே ஒரு கூலி கேட்பார்: “வீட்டுக்குக் கடிதம் எழுதேக்க என்ர பேரையும் ஒரு வரி போட்டுவிடு.” வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் அங்கே வாக்கு இல்லை. ஆனால் மாதா மாதம் காசு அனுப்புகிற மகள் சொன்னால் வீட்டில் ஒன்பது பேரும் கேட்பார்கள் அல்லவா. மனிதர் லண்டனில் இருந்தபடியே, ஏழாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊருக்கு மேயராவதற்கு வாக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய ஒரே ஆசை. மற்றதெல்லாம் அதற்கான ஆயத்தம்.

“எங்கட நாட்டில சட்டம் படிக்கிறது வழக்கு வெல்லுறதுக்கில்லை, தம்பி. முதல்ல ஏழையளுக்குச் சும்மா வழக்குப் பேச வேணும். பிறகு உறுதி எழுதுற நொத்தாரிசு வேலை, அதுவும் சும்மா. பிறகு கலியாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஞானத்தகப்பனா நிக்க வேணும். நாற்பது பிள்ளையளுக்கு நான் ஞானத்தகப்பன். அது முடிஞ்சால் மேயர். மேயருக்குப் பிறகு பாராளுமன்றம்.”

“எங்கட ஊரிலயும் சட்டம் படிச்ச அப்புக்காத்துமார்தான் அரசியலுக்கு வந்தவை,” என்றேன்.

“அப்ப நல்லா நடந்திருக்குமே?”

“நல்லா நடந்தபடியாத்தான் நான் இஞ்ச உங்களோட ஊத்தைச் சீலை மடிக்கிறன்.”

அதற்கு அவர் சிரிக்கவில்லை. அரசியலைப் பற்றிய பகிடிக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நாடு முழுமைக்குமான வழக்கறிஞர் பரீட்சையில் தான் பதினோராவதாக வந்ததையும் அதே முகத்தோடுதான் சொல்வார். முதல் பத்துப் பேரின் படம் மட்டும் பத்திரிகையில் வருமாம். அந்தப் பத்தாவது ஆள் யார், எந்தப் பாடத்தில் அரைப் புள்ளி கூடுதலாக எடுத்தான் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பாடம்.

ஊரில் கரும்புத் தோட்டத் தொழிலாளருக்காக அப்போதைய மேயருக்கு எதிராக வழக்குப் பேசியிருக்கிறார். மேயரின் ஆட்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கத் தொடங்கியதும், மாமன் மகள் ஒருத்தி ஹோட்டலில் வேலைப் பத்திரம் எடுத்துக் கொடுக்க, ஆறு மாதத்துக்கு என்று வந்தவர். அந்த ஆறு மாதம்தான் பதினொரு வருடமாக ஓடியது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது ஆறு மாதமேதான். கட்டில் வாங்கவில்லை. மடக்குக் கட்டில் ஒன்றில் படுத்தார். அரிசியை ஒரு கிலோப் பையாகவே வாங்கினார். “பெரிய பை முடியிறதுக்குள்ள நான் போயிடுவன்.” ரயிலுக்கு அன்றன்றைக்கு ரிக்கெட் எடுத்தார். மாத ரிக்கெட் மலிவு என்று நான் சொன்னபோது, ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரிப் பார்த்தார். கைக்கடிகாரம் ஊர் நேரத்திலேயே ஓடியது. காலை ஏழு மணி ஷிப்டுக்கு அவர் வந்து சேரும்போது அதில் பின்னேரம் மூன்று மணி. ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

குளிர் கோட் வாங்காததுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒவ்வொரு கார்த்திகை மாதமும் ஒருவரிடம் இரவல் வாங்குவார். “இந்த ஒரு குளிர்தான், தம்பி.” ஒரு வருடம் சமையல்காரரின் கோட், தொப்புளுக்கு மேலே நிற்கும். அடுத்த வருடம் காவலாளியின் கோட், நிலத்தைக் கூட்டும்.

என்னோடு ஸ்ட்ரெதத்தில் ஒரே வீட்டில் இருந்த குணம் அண்ணைக்கு இதெல்லாம் பிடிக்காது. “உந்தாளுக்கு விசர். நாலு வருஷம் வேலை செய்தால் நிரந்தரமா இருக்க முத்திரை குடுக்கிறாங்கள். உந்தாள் கேக்கவே இல்லையாம். நாங்கள் நாயாய் அலையிறம்.” ஆனால் அண்ணைக்கு மகள் பிறந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று, அழைக்காமலே அட்டர்னி வெள்ளிக் கரண்டியோடு வந்து நின்றார். குழந்தையின் சின்ன விரலைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கினார். அன்றைக்கு மட்டும் அண்ணை அவரை விசர் என்று சொல்லவில்லை.

முத்திரை விஷயத்தை நானே ஒரு தடவை கேட்டேன். துவாய்களை மடித்துக்கொண்டே விளக்கினார். அவர்களுடைய தேர்தல் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதாம்: வேறொரு நாட்டில் நிரந்தரமாக இருக்கும் உரிமையை எடுத்தவன் தேர்தலில் நிற்க முடியாது, அதைக் கைவிட்டாலொழிய.

“ஒருத்தன்ர ஊர் எது எண்டதை அவன்ர உடம்பு தீர்மானிக்கிறேல்லை, எண்ணம்தான் தீர்மானிக்கும். திரும்பிப் போற எண்ணம் இருக்கிற வரைக்கும் நான் அங்கதான் வசிக்கிறன். இஞ்ச சும்மா நிக்கிறன்.”

“அப்ப அகதி எண்டு கேட்டிருக்கலாமே? உங்களுக்கும் ஆபத்து இருந்ததுதானே.”

“அகதி எண்டால் திரும்பிப் போக ஏலாது எண்டு சத்தியம் பண்ண வேணும். நான் பண்ணமாட்டன்.”

அப்படிப்பட்ட மனிதர்தான் எனக்கு வருடா வருடம், நான் திரும்பிப் போகவே ஏலாதவன் என்று ஹோம் ஒபிஸுக்குக் கடிதம் எழுதித் தந்தார். எனக்கு இருந்தது தற்காலிக அனுமதி. ஒவ்வொரு வருடமும் குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கெஞ்ச வேண்டும். வரிசையில் கடைசி என்றாலும் என் கடிதங்களுக்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்தார். எழுதி முடித்ததும் என்னிடம் தந்து, முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்வார். “வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறவன் தன்ர கழுத்தைத் தானே நீட்டுறவன்.” ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வந்த ஒவ்வொருத்திக்கும் அந்த வசனம் கிடைக்கும்.

அவர்கள் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ஓடிப்போய், ஊரில் தேர்தல்கள் மறுபடி ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தன. அடுத்த தேர்தலில் நிற்க வேண்டுமானால் ஒரு வருடம் முன்னதாகவே ஊரில் போய் இருக்க வேண்டும். விமானச் சீட்டு எடுத்துவிட்டார். சீட்டை எல்லோருக்கும் காட்டினார். அப்போதுதான் அந்தக் கேக் வந்தது.

ஹோட்டலில் ஆட்களைக் கவனிக்கும் மனேஜர் ஒரு ஐரிஷ்காரி, தங்கமான மனுசி. பழைய வேலையாட்கள் ஐந்தாறு பேருக்கு நிரந்தர அனுமதி எடுத்துக் கொடுக்க அவரே எல்லாப் படிவங்களையும் நிரப்பி ஒன்றாக அனுப்பியிருந்தார். வழக்கமான வருடப் புதுப்பிப்பு என்று நினைத்து அட்டர்னியும் கையெழுத்து வைத்திருக்கிறார். எப்போது வைத்தார் என்றும் எனக்குத் தெரியும். உணவறையில் ஒரு பெண்ணின் பிறந்தநாளுக்கு மேசைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். மனேஜர் கடதாசியை நீட்ட, பேச்சை நிறுத்தாமல், பார்க்காமல், வைத்தார். பேசும்போது அவரை மறிக்க ஏலாது.

மனேஜர் மெழுகுதிரி ஏற்றிய கேக்கோடு அட்டர்னியின் கடவுச்சீட்டையும் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அட்டர்னி திறந்து, நிரந்தர அனுமதி முத்திரையைப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் பட்ட மாதிரி முகம் செத்துப்போனது. ஆனாலும் எழுந்து, மனேஜரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். கேக்கும் சாப்பிட்டார். நிலவறைக்கு இறங்கி வந்ததும் விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“தம்பி, நான் வாசிக்கேல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு அடுத்த வாரம் குரோய்டனில் தவணை இருந்தது. அவரும் என்னோடு வந்தார். விடியவே போய் அந்தப் பெரிய கட்டடத்தைச் சுற்றி நின்ற வரிசையில் சேர்ந்தோம். அந்த வருடம் அவர் இரவல் வாங்கியது என் கோட். கறுப்புக் கோட், மூன்றாவது பொத்தான் விழுந்து, நான் மண்ணிறப் பொத்தான் ஒன்றை நீல நூலால் தைத்திருந்தேன். நான் இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்கினேன். அவர் கையில், நிரந்தர உரிமையைக் கைவிடுகிறேன் என்று எழுதிய மூன்று பக்கச் சத்தியக் கடதாசி.

உள்ளே முதலில் என் முறை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் கடிதத்தைப் படித்தாள், உள்ளே போனாள், வந்தாள். இன்னும் ஒரு வருடம். நிரந்தரம் எப்போது என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றாள். பிறகு அட்டர்னி தன் கடவுச்சீட்டைத் திறந்து உள்ளே தள்ளினார்.

“இந்த முத்திரையை எடுத்துவிட வேணும்.”

“முத்திரையில் என்ன பிழை?”

“முத்திரை சரி. நான்தான் பிழை விட்டிட்டன்.”

அவள் முத்திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இது நீங்கள் இங்கே எவ்வளவு காலமும் இருக்கலாம் என்கிற முத்திரை.”

“ஓம். அதுதான் வேண்டாம்.”

“யாராவது உங்களைப் பயமுறுத்துகிறார்களா?”

“இல்லை. நான் மேயராக வேணும்.”

அவள் மேலதிகாரியைக் கூட்டிவந்தாள். அவர் இன்னொருவரைக் கூட்டிவந்தார். இரண்டு வருடம் நாட்டுக்கு வெளியே இருந்தால் அதுவாகவே செத்துப்போகும், இப்போது எதற்கு அவசரம் என்றார்கள். வேட்புமனு அதற்கு முதல் வருகிறது என்றார் அட்டர்னி. சத்தியக் கடதாசியை உள்ளே தள்ளினார். மூன்று பேரும் தலையைக் கிட்ட வைத்துப் படித்தார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற நம்முடைய ஆள் ஒருவர் என் முதுகில் தட்டினார்.

“அண்ணை, உந்த மனுசனுக்கு வேண்டாமெண்டால் அதை இஞ்சால தரச் சொல்லுங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த முத்திரைக்காக நான் நான்கு வருடம் அலைந்திருக்கிறேன். அம்மா செத்ததற்குப் போகவில்லை. இந்த மனிதர் என் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் கண்ணுக்கு முன்னால், அதைத் திருப்பிக் கொடுக்கிறார். அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. பின்னேரம் மூன்று மணிக்கு அந்தப் பெண் முத்திரைக்குக் குறுக்கே ‘ரத்து’ என்று சிவப்பு மையில் இன்னொரு முத்திரையைக் குத்தினாள். அட்டர்னி கண்ணாடி இடுக்கால் கை நீட்டி அவளுடைய இரண்டு விரல்களைக் குலுக்கினார்.

ரயிலில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“கோபமோ, தம்பி?”

“ஓம்.”

“கோபப்பட வேண்டியதுதான். நீ வந்து பக்கத்தில நிண்டியே, அதை நான் மறக்கமாட்டன்.”

கிழமை கழியுமுன் போய்விட்டார். விமானநிலையத்துக்குப் போன அன்று சரியான பனி. கோட்டைக் கழற்றித் தருவார் என்று உள்வாசல்வரை போனேன். கூடி நின்ற நாற்பது பேருக்கும் கை கொடுத்ததில் அவருக்கு மறந்துவிட்டது. எனக்குக் கேட்க வெட்கம். என் கோட் வெயில் நாட்டுக்குப் பறந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த தேர்தலில் தோற்றார். தோற்ற விதத்தைத் தேவாலயத்துப் பெண்கள் சொன்னார்கள். முத்திரை ரத்தான பக்கத்தைப் பிரதியெடுத்து, இங்கிலாந்தையே உதறிவிட்டு வந்தேன் என்று வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். எதிராளியும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினானாம். “வடிவாப் பாருங்கோ, ரத்து எண்டு போட்டிருக்கு. இங்கிலாந்து இந்தாளைத் துரத்திவிட்டிருக்கு. ஹோட்டலில என்னத்தைக் களவெடுத்தாரோ ஆருக்குத் தெரியும்.” ஒரு பஸ்ஸில் ஏற்றக்கூடிய அளவு வாக்குகளால்தான் தோற்றாராம்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. அப்போது நான் ஹரோவில் வீடு எடுத்து, கலியாணமும் கட்டி, கடைசியில் அந்த முத்திரையையும் வாங்கியிருந்தேன். மறுபடி தேர்தலில் நிற்கிறாராம். எதிராளி அதே பிரதியோடு வருகிறானாம். குரோய்டனில் நடந்ததற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி நான்தானாம். “உள்ளதை மட்டும் எழுது, தம்பி. ஒரு சொல்லும் கூட்டாதே. வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வை.”

குணம் அண்ணை ஆலோசனை சொல்ல ஓடிவந்தார். “அந்தாள் நிலத்தில விழுந்து அழுதது எண்டு எழுது. என்ர ஊர் மண் எண்டு ஏதும் சொன்னது எண்டும் போடு.” நான் கேட்கவில்லை. வரிசையில் நின்றதை எழுதினேன். ‘முத்திரை சரி, நான்தான் பிழை’ என்றதை எழுதினேன். பின்னால் நின்றவர் கேட்டதையும் எழுதினேன். கடைசியில் எழுதவா விடவா என்று யோசித்துவிட்டு இதையும் எழுதினேன்: ‘அந்த முத்திரைக்காக நானும் அதே வரிசையில் நின்றேன். எனக்குக் கிடைக்கவில்லை. அவர் அதை வேண்டாம் என்றபோது எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது.’ ஹரோவில் ஒரு வழக்கறிஞர் சத்தியம் வாங்குமுன் இரண்டு தரம் படித்தார். இது எந்த நீதிமன்றத்துக்கு என்று கேட்டார். நீதிமன்றத்துக்கு இல்லை, ஒரு சந்தைச் சதுக்கத்துக்கு என்றேன்.

ஆனி மாதம் ஒரு கவர் வந்தது. என் கடதாசியை அவர்களுடைய பாஷையில் மாற்றி ஒலிபெருக்கியில் வாசித்தார்களாம். வெறுப்பு வந்தது என்ற இடத்தில் சனம் எழும்பிக் கை தட்டியதாம். வென்றுவிட்டார். உள்ளே ஒரு படம். மேடையில் வலது கையை உயர்த்திப் பதவிச் சத்தியம் செய்கிறார். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் மெல்லிய சட்டையில் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். இவர் மட்டும், அந்த வெயிலில், கறுப்புக் குளிர் கோட் போட்டு, நெற்றியெல்லாம் வேர்வை வழிய நிற்கிறார். மூன்றாவது பொத்தான் மண்ணிறம். பின்பக்கத்தில் எழுதியிருந்தார்:

“தம்பி, எங்கட ஊரில உனக்கு ஒருத்தரும் இல்லை எண்டாய். இப்ப ஊர் முழுக்க உன்னைத் தெரியும். வரிசையில நீ முதல். என்ன வேணும், கேள்.”

படத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்று அழுதேன், மனைவி என்ன ஏதென்று பயந்துபோனாள். பிறகு உட்கார்ந்து ஒரே வரியில் பதில் போட்டேன்: “என்ர கோட்டை அனுப்பிவிடுங்கோ, அட்டர்னி.”

பதிலும் ஒரே வரியில் வந்தது. மேலே மேயர் அலுவலகத்தின் இலச்சினை, கீழே பெரிய கையெழுத்து. நடுவில், “திருப்பித் தாற எண்ணம் இருக்கு.”

கோட் இன்னும் வரவில்லை. குணம் அண்ணை இப்போதும் கேட்டுச் சிரிப்பார். எனக்கு அவசரமில்லை. எண்ணம் இருக்கு என்று அந்த மனிதர் சொன்னால், பதினொரு வருடம் ஆனாலும் இருக்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.